சங்கம் ஜெயிச்சாச்சு, ஒப்பந்தம் எங்கே? அமெரிக்க டிவி, ரேடியோ ஊழியர்களின் நீளும் காத்திருப்பு

ஓட்டு எண்ணி முடித்தாகிவிட்டது. பெரும்பான்மை சங்கத்துக்கு. ஸ்லாக் சேனல் முழுக்க ஹார்ட் எமோஜி, குரூப் போட்டோ, வாழ்த்து. சரி, மறுநாள் விடியற்காலை ஷிஃப்டுக்கு வரும் வீடியோ எடிட்டருக்கு என்ன மாறியிருக்கிறது?

ஒன்றுமே இல்லை. அதே சம்பளம், அதே ஷிஃப்ட், அதே மேலாளர்.

அமெரிக்காவில் கடந்த சில ஆண்டுகளாக டிவி, ரேடியோ, பாட்காஸ்ட் ஊழியர்கள் வரிசையாகச் சங்கம் அமைத்து வருகிறார்கள். பாஸ்டனின் டபிள்யூ.பி.யூ.ஆர், பிலடெல்பியாவின் டபிள்யூ.எச்.ஒய்.ஒய் ஆகிய பொது ஒலிபரப்பு நிலையங்களின் ஊழியர்கள் 2019ல் சாக்-ஆஃப்ட்ரா சங்கத்தில் இணைந்தார்கள். அதே ஆண்டு கிம்லெட், தி ரிங்கர் ஆகிய பாட்காஸ்ட் நிறுவனங்களின் ஊழியர்கள் எழுத்தாளர் சங்கத்தின் கிழக்குப் பிரிவில் சேர்ந்தார்கள். 'சங்கம் உருவானது' என்பது வரைக்கும் செய்தி பெரிதாக வரும். அதற்குப் பிறகு நடப்பதுதான் நீளமான கதை. அது செய்தியில் வருவது அபூர்வம்.

அந்தக் கதையின் பெயர் 'முதல் ஒப்பந்தம்'.

முதல் ஒப்பந்தம் என்றால் என்ன?

2023 ஹாலிவுட் ஸ்ட்ரைக் ஞாபகம் இருக்கிறதா? எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் இருந்தது. அது காலாவதியாகி, புதுப்பிக்கும்போது வந்த சண்டை அது. முதல் ஒப்பந்தம் அப்படியில்லை. வெள்ளைத் தாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விடுப்பு எத்தனை நாள் என்பதிலிருந்து, லே-ஆஃப் வந்தால் யார் முதலில் போவார்கள் என்பது வரை ஒவ்வொரு வரியையும் நிர்வாகமும் சங்கமும் உட்கார்ந்து பேசி எழுத வேண்டும். நம் ஊர் ஆலைகளில் '12(3) ஒப்பந்தம் போட்டாச்சா?' என்று கேட்பார்களே, ஏறத்தாழ அந்த வகை. ஒரு தனி ஆளுக்கான அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அல்ல; எல்லோருக்குமான ஒரே ஒப்பந்தம்.

அமெரிக்காவில் இதற்குக் கூடுதல் எடை உண்டு. ஏன் என்றால், மொன்டானா தவிர மற்ற எல்லா மாகாணங்களிலும் காரணமே சொல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து அனுப்பலாம். இனம், பாலினம், சங்க நடவடிக்கை போன்ற சட்டம் தடை செய்த காரணமாக மட்டும் இருக்கக்கூடாது. மற்றபடி, 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொன்னால் முடிந்தது. கூட்டு ஒப்பந்தத்தில் வழக்கமாக இடம்பெறும் 'நியாயமான காரணம் இன்றி நீக்கக்கூடாது' என்ற ஒற்றை வரிதான் அதை மாற்றுகிறது. சம்பள உயர்வை விடவும் இந்த ஒரு வரிக்காகவே சங்கம் கேட்பவர்கள் உண்டு.

கேமராவுக்குப் பின்னால் என்ன பிரச்சினை?

ஒளிபரப்பு வேலையில் மற்ற ஆபீஸ்களில் இல்லாத சில தலைவலிகள் இருக்கின்றன.

முதலாவது ஓய்வு நேரம். இரவு 11 மணி செய்தியை முடித்துவிட்டுக் காலை 5 மணி புல்லட்டினுக்குத் திரும்ப வந்து உட்கார்வது எந்த நியூஸ்ரூம் ஆளுக்கும் தெரிந்த கொடுமை. ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்த ஷிஃப்டுக்கும் நடுவே இத்தனை மணி நேரம் இடைவெளி வேண்டும், குறைந்தால் கூடுதல் பணம் தர வேண்டும் என்பதைப் பழைய நெட்வொர்க் ஒப்பந்தங்கள் எப்போதோ எழுதிவைத்துவிட்டன. இதை 'டர்ன் அரவுண்ட்' என்பார்கள். என்பிசி டெக்னீஷியன்கள் 1933லேயே சங்கம் அமைத்தவர்கள். அந்த அமைப்புதான் பிறகு நாபெட் ஆனது. அந்த வரலாறு இல்லாத ஒரு புதிய நிலையத்தில், டர்ன் அரவுண்ட் என்பது மேலாளரின் நல்ல மனசைப் பொறுத்தது.

இரண்டாவது, நாள் கணக்கு ஆட்கள். பெரிய மேட்ச், தேர்தல் இரவு என்றால் கூப்பிடுவார்கள், மற்ற நாட்களில் போன் வராது. கேமரா, ஆடியோ, கிராஃபிக்ஸ் என்று எல்லாப் பிரிவிலும் இவர்கள் இருக்கிறார்கள். வருடக்கணக்கில் அதே கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தாலும் 'நிரந்தர ஊழியர்' இல்லை. சங்கத்தின் வரம்புக்குள் இவர்களைச் சேர்ப்பதா, எத்தனை நாள் வேலை பார்த்தால் நிரந்தரமாக்குவது என்பது பேச்சுவார்த்தை மேஜையில் பெரிய இழுபறி.

மூன்றாவது, ஒரே ஆள் எல்லாம் செய்வது. நிருபர், கேமராமேன், சவுண்ட் என்று மூன்று பேர் போன காலம் போய், டிரைபாடைத் தானே தூக்கி, தானே ஷூட் பண்ணி, காரிலேயே எடிட் பண்ணி, தானே லைவ் கொடுக்கும் நிருபர்கள் உள்ளூர் சேனல்களில் சர்வசாதாரணம். கண்ட்ரோல் ரூமில் பல பேர் செய்த வேலையை ஒரு ஆட்டோமேஷன் சாஃப்ட்வேரும் ஓர் ஆளும் செய்கிறார்கள். இப்போது குரலை நகல் எடுக்கும் ஏஐ வேறு. 'என் குரலை என்னைக் கேட்காமல் பயன்படுத்தக்கூடாது' என்ற வரியை எங்கே எழுதுவது? ஒப்பந்தத்தில்தான்.

இன்னொன்று, கொஞ்சம் விசித்திரமானது. வேலையை விட்டுப் போவதற்கு அபராதம்.

2018ல் ஒரு வீடியோ வைரலானது. சின்க்ளேர் குழுமத்துக்குச் சொந்தமான உள்ளூர் சேனல்களின் ஆங்கர்கள் டஜன் கணக்கில் ஒரே வசனத்தை, ஒரே வார்த்தைகளில் வாசிப்பதை அருகருகே ஒட்டிப் போட்டிருந்தார்கள். 'பிடிக்கலைன்னா ரிசைன் பண்ண வேண்டியதுதானே?' என்று பலரும் கேட்டார்கள். அடுத்த சில நாட்களில் ப்ளூம்பெர்க் ஒரு செய்தி வெளியிட்டது. அங்குள்ள சில ஊழியர்களின் தனிநபர் ஒப்பந்தப்படி, காலம் முடியும் முன் விலகினால் ஆண்டுச் சம்பளத்தில் 40% வரை நிறுவனத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்றது அது. அமெரிக்காவில் டிவி முகங்கள் பலருக்கும், விலகினால் அதே ஊரில் போட்டி சேனலில் சில மாதங்கள் சேரக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. நியூயார்க் மாகாணம் 2008ல் ஒளிபரப்பு ஊழியர்களுக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டு இதைத் தடை செய்ய வேண்டியிருந்தது. சட்டம் இல்லாத இடத்தில் இதை நீக்க ஒரே வழி, மறுபடியும், சங்கத்தின் ஒப்பந்தம்.

சரி, இழுத்தடிக்க முடிவது எப்படி?

விஷயத்தின் மையம் இதுதான். 1935ல் வந்த தேசிய தொழிலாளர் உறவுச் சட்டம், சங்கம் ஜெயித்தால் நிர்வாகம் நல்லெண்ணத்துடன் பேசியே ஆக வேண்டும் என்கிறது. பேச வேண்டும். ஆனால் எந்தக் கோரிக்கைக்கும் சம்மதிக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

எவ்வளவு தூரம் சொல்லவில்லை என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. எச்.கே. போர்ட்டர் என்ற நிறுவனத்தின் வர்ஜீனியா ஆலையில் 1961ல் எஃகுத் தொழிலாளர் சங்கம் அங்கீகாரம் பெற்றது. சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துத் தர வேண்டும் என்பது கோரிக்கை. கம்பெனிக்கு அதில் எந்த வேலைப்பளுவும் இல்லை. சங்கத்துக்கு உதவ விருப்பமில்லை, அவ்வளவுதான். வருடங்கள் ஓடின. கம்பெனி நல்லெண்ணத்துடன் பேசவில்லை என்று முடிவாகி, வாரியம் அந்த ஒரு கோரிக்கையை ஏற்கச் சொல்லி உத்தரவிட்டது. 1970ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எந்தத் தரப்பையும் ஒரு ஷரத்துக்கு ஒப்புக்கொள்ளச் சொல்லும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை என்பது தீர்ப்பு. இன்றைக்கும் சட்டம் அதுதான்.

அப்படியானால் வேண்டுமென்றே இழுத்தடித்த நிறுவனத்துக்கு என்ன தண்டனை? பெரும்பாலும், 'திரும்பப் போய்ப் பேசு' என்ற உத்தரவும், தவறை ஒப்புக்கொண்டு ஒட்டும் ஒரு நோட்டீஸும். ஒப்பந்தம் சீக்கிரம் வந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய சம்பள உயர்வுக்கு இழப்பீடு கிடையாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தாமதம் நிறுவனத்துக்கு மலிவு.

தாமதம் ஊழியர்களுக்கு மலிவு இல்லை. பேச்சுவார்த்தை நடக்கும்போது நிர்வாகம் சம்பளம், ஷிஃப்ட் விதிகளைத் தன்னிச்சையாக மாற்றக்கூடாது என்று 1962ல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. கேட்க நல்லதுதான். ஆனால், 'உங்களுக்கு இன்க்ரிமென்ட் தர எங்களுக்கும் ஆசைதான், பேச்சுவார்த்தை முடியட்டும்' என்று சொல்லவும் அது வசதியாகிவிடுகிறது. சங்கத்தில் இல்லாத பக்கத்து டிபார்ட்மென்டுக்கு உயர்வு வந்து, உங்களுக்கு வராதபோது சக ஊழியர் கேட்பார்: 'சங்கம் வச்சு என்னத்தைக் கண்டோம்?'

அந்தக் கேள்விக்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. வாரியத்தின் தேர்தலில் ஜெயித்த சங்கத்தை முதல் ஒரு வருடம் அசைக்க முடியாது. அதற்குப் பிறகும் ஒப்பந்தம் இல்லை என்றால், 30% ஊழியர்கள் கையெழுத்துப் போட்டு 'இந்தச் சங்கம் வேண்டாம்' என்று மறு ஓட்டெடுப்பு கேட்கலாம். இளைஞர்கள் இரண்டு வருடத்தில் வேறு ஊர் சேனலுக்குத் தாவும் ஒரு துறையில், முதலில் ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் அப்போது மிச்சம் இருப்பார்கள்?

ஸ்ட்ரைக் செய்யலாமே? செய்யலாம். ஆனால் சம்பளத்துக்காக ஸ்ட்ரைக் செய்பவர்களின் இடத்தில் நிரந்தரமாகவே வேறு ஆட்களை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 1938ல் வந்த ஒரு தீர்ப்பு. அந்த வழக்கின் பெயர் மேக்கே ரேடியோ அண்ட் டெலிகிராஃப். ஒலிபரப்பு அல்ல, தந்தி கம்பெனிதான். இருந்தாலும் டிவி ஊழியர் தலைக்கு மேல் இன்றும் தொங்குவது அந்த 'ரேடியோ' வழக்கு.

நம்பர்கள் என்ன சொல்கின்றன? சங்கம் அமைந்ததிலிருந்து முதல் ஒப்பந்தம் வரை சராசரியாக 465 நாட்கள் ஆகின்றன என்று 2022ல் ப்ளூம்பெர்க் லா கணக்கிட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேட் ப்ரான்ஃபென்ப்ரென்னர் 2009ல் வெளியிட்ட ஆய்வில், தேர்தலில் ஜெயித்து ஒரு வருடம் ஆகியும் ஒப்பந்தம் இல்லாதவை 52%, இரண்டு வருடம் ஆகியும் இல்லாதவை 37%. இவை எல்லாத் துறைகளுக்குமான எண்கள்.

ஸ்பாட்டிஃபையில் என்ன நடந்தது?

நம் போனில் இருக்கும் அதே ஸ்பாட்டிஃபைதான். 2019 பிப்ரவரியில் கிம்லெட்டை வாங்கியது. அடுத்த மாதமே கிம்லெட் ஊழியர்கள் சங்கத்தை அறிவித்தார்கள். நிறுவனம் தேர்தல் இல்லாமலே அங்கீகரித்தது. தி ரிங்கர் ஊழியர்கள் அந்த ஆகஸ்டில் சங்கம் அமைத்தார்கள். 2020ல் அதையும் ஸ்பாட்டிஃபை வாங்கியது. இரண்டுக்கும் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 ஏப்ரலில். எதிர்ப்புப் பிரசாரம் இல்லாமல், தானாக அங்கீகரித்த இடத்திலேயே கிட்டத்தட்ட இரண்டு வருடம்!

கையில் என்ன கிடைத்தது? கிம்லெட்டில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 73,000 டாலர், ரிங்கரில் 57,000 டாலர். ஆண்டுக்குக் குறைந்தது 2% உயர்வு. வேலை போனால் குறைந்தது 11 வாரச் சம்பளம். ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பயன்படுத்துவதற்கு வரம்பு.

கிடைக்காதது? ஊழியர்கள் முக்கியமாகக் கேட்ட ஒன்று: தாங்கள் உருவாக்கிய நிகழ்ச்சி சினிமாவாகவோ சீரிஸாகவோ மாறினால் அதில் உரிமை. இது கற்பனைக் கோரிக்கை அல்ல. கிம்லெட்டின் 'ஹோம்கமிங்' பாட்காஸ்ட் 2018ல் ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த அமேசான் சீரிஸ் ஆனது. 'ஸ்டார்ட்அப்' பாட்காஸ்டை வைத்து ஏபிசி சேனல் ஒரு சிட்காமே எடுத்தது. இருந்தும் அந்த உரிமை ஒப்பந்தத்தில் வரவில்லை.

சங்கம் என்றால் எல்லோரும் ஒரே பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். கிம்லெட்டின் சூப்பர்ஹிட் நிகழ்ச்சியான 'ரிப்ளை ஆல்' தொகுப்பாளர் ஒருவரும் மூத்த நிருபர் ஒருவரும் 2021 பிப்ரவரியில், சங்க முயற்சிக்குத் தாங்கள் எதிராக நின்றதற்கு மன்னிப்புக் கேட்டு நிகழ்ச்சியிலிருந்து விலகினார்கள். நட்சத்திரத்துக்கு ஏற்கெனவே நல்ல சம்பளம், பேரம் பேசும் சக்தி. சங்கம் தேவைப்பட்டது அவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்த ஜூனியர் புரொட்யூசருக்கு.

சிஎன்என்: 2003 முதல் 2020 வரை

இது முதல் ஒப்பந்த வழக்கு அல்ல. அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஒப்பந்தம் கையில் இருந்தவர்கள் அதை இழந்த கதை. ஆனால் நேரம் யாருக்குச் சாதகம் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

வாஷிங்டன், நியூயார்க் சிஎன்என் அலுவலகங்களில் கேமரா, ஒலி, ஸ்டூடியோ டெக்னீஷியன்கள் டீம் வீடியோ சர்வீசஸ் என்ற கான்ட்ராக்ட் நிறுவனத்தின் ஊழியர்கள். நாபெட் சங்கத்தினர். 2003ல் சிஎன்என் அந்தக் கான்ட்ராக்டை முடித்துக்கொண்டு, வேலையை நேரடியாகத் தானே எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள் புதிதாக விண்ணப்பம் போட்டு இன்டர்வியூ கொடுக்க வேண்டும் என்றது. 100க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கும் சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தது.

சங்கம் வழக்குப் போட்டது. சங்கத்தினரைத் தவிர்ப்பதற்காகவே நடந்த ஆள்தேர்வு இது என்று 2014ல் வாரியம் தீர்ப்பளித்தது. கவனியுங்கள், 11 வருடம். சிஎன்என் மேல்முறையீடு செய்தது. 2017ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாரியத்தின் தீர்ப்பில் ஒரு பகுதியை ஏற்றது, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் பிரெட் கவனா. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். கடைசியில் 2020 ஜனவரியில் சமரசம். 300க்கும் மேற்பட்டவர்களுக்கு 7.6 கோடி டாலர். வாரியத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய தொகை.

நாற்பது வயதில் வேலை இழந்த ஒரு கேமராமேனுக்கு அந்த செக் வரும்போது வயது 57.

நிர்வாகத் தரப்பு என்ன சொல்கிறது?

முழுக்கத் தள்ளிவிட முடியாத வாதங்களும் இருக்கின்றன. முதல் ஒப்பந்தம் உண்மையிலேயே சிக்கலானது. ஒவ்வொரு வார்த்தையும் அடுத்தடுத்த ஒப்பந்தங்களுக்கு அடித்தளம் ஆகும் என்பதால் வக்கீல்கள் நிதானமாகத்தான் நகர்வார்கள். கேபிள் சந்தாதாரர்கள் குறைகிறார்கள், விளம்பரம் இணையத்துக்குப் போய்விட்டது. பொது ஒலிபரப்பு நிலையங்களின் நிலைமை இன்னும் மோசம். பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. அடுத்த மாதமே அந்தக் கழகம் மூடும் வேலைகளைத் தொடங்குவதாக அறிவித்தது. மத்திய நிதியை நம்பியிருந்த ஒரு சின்ன நிலையம் 'பணமே இல்லை' என்று சொன்னால் அது சாக்கு மட்டுமல்ல.

ஆனால் ஷிஃப்ட் இடைவெளிக்கும் காரணம் சொல்லி நீக்குவதற்கும் பெரிய பட்ஜெட் வேண்டாம். முதல் ஒப்பந்தத்தின் எல்லா ஷரத்துக்கும் விலைச்சீட்டு ஒட்டியிருப்பதில்லை. அவையும் சேர்ந்தே தாமதமாகும்போது 'பணம் இல்லை' என்ற பதில் பாதிக் கேள்விக்குத்தான் பொருந்துகிறது.

வாரியத்தின் கதையும் சரியில்லை. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் வாரிய உறுப்பினர் ஒருவரை நீக்கியதும், தீர்ப்பு வழங்கத் தேவையான மூன்று பேர் இல்லாமல் போனது. அந்த ஆண்டின் பெரும்பகுதி இப்படியே கழிந்தது. புகார் கொடுக்க முடிந்தது, மேலிடத்தில் முடிவு சொல்ல ஆள் இருக்கவில்லை.

வேறு வழியே இல்லையா?

எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவில் இருக்கிறது. 1970களிலிருந்தே அங்கே பிரிட்டிஷ் கொலம்பியா, கியூபெக் தொடங்கிப் பல மாகாணங்கள், முதல் ஒப்பந்தம் எட்டப்படாவிட்டால் மூன்றாம் தரப்பே ஒப்பந்தத்தை எழுதிவிடலாம் என்று சட்டம் வைத்திருக்கின்றன. ஒலிபரப்பு அங்கே மத்திய அரசின் கட்டுப்பாட்டில் வரும் துறை. மத்தியத் தொழிலாளர் சட்டத்திலும் இந்த வழி உண்டு. அடிக்கடி பயன்படுத்துவதில்லை. தேவையும் இல்லை: வெளியாள் வந்து எழுதிவிடுவார் என்று தெரிந்தால் இரண்டு தரப்பும் தாங்களே எழுதிவிடுவதுதான் வசதி என்று நினைப்பார்கள்.

அமெரிக்காவில் இதே யோசனை கொண்ட 'ப்ரோ ஆக்ட்' மசோதா 2020லும் 2021லும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டைத் தாண்டவில்லை. அது ஜனநாயகக் கட்சியின் மசோதா. ஆச்சரியமாக, 2025 மார்ச்சில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜாஷ் ஹாலி இன்னொன்றைக் கொண்டுவந்தார். சங்கம் கேட்ட 10 நாளுக்குள் பேச்சுவார்த்தை ஆரம்பிக்க வேண்டும். 90 நாளில் முடியாவிட்டால் சமரசர் வருவார். அவராலும் 30 நாளில் முடியாவிட்டால் நடுவர் குழு ஒப்பந்தத்தை எழுதும், அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

நடுவர் குழுவிடம் போவதற்கு முன் எல்லாம் கூட்டினால் 130 நாள். 2022ல் கணக்கிட்ட சராசரியான 465ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஸ்பாட்டிஃபை ஊழியர்களின் கதையில் ஒரு பின்குறிப்பு. 2023 ஜூனில் அந்த நிறுவனம் பாட்காஸ்ட் பிரிவில் 200 வேலைகளை வெட்டியது. கிம்லெட்டை இன்னொரு பிரிவான பார்காஸ்டுடன் சேர்த்தது; கிம்லெட் என்ற தனி ஸ்டூடியோ முடிவுக்கு வந்தது. நிகழ்ச்சிகளின் உரிமை நிறுவனத்திடமே இருந்தது. ஊழியர்கள் தரப்பில் எழுத்தில் இருந்தது, 2021ல் வாங்கிய அந்த 11 வார வரி.